மழை என்று சொல்லும் தோள்

ஜனவரி 21, செவ்வாய்

இன்றும் கரும்பலகையின் மேல்பாதியை வெறுமையாக விட்டுவிட்டு, கீழ்பாதியிலேயே கணக்கை எழுதி முடித்தேன். ஆறாம் வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது பெஞ்சில் இருக்கும் பெண் கையை உயர்த்தினாள்.

“டீச்சர், உங்க கை ஏன் ரகசியம் பேசுது?”

எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது கேட்காது. பாடம் முழுக்கச் சைகை மொழியில்தான். சைகையைச் சின்னதாக, நெஞ்சோடு ஒட்டிச் செய்தால் அது ரகசியம். நான் ஒரு வாரமாய் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன் போல. வலது தோள். பொங்கலுக்கு இரண்டு நாள் ஒட்டடை அடித்து, சுவருக்கு வெள்ளையடித்ததில் பிடித்துக்கொண்டது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் ஒரு கத்தி நிற்கிறது.

ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் அவருக்கும் நான் சொல்லவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

சுபலட்சுமி வந்திருந்தாள், அம்மா சுந்தரம்மாளோடு. செக்கானூரணியிலிருந்து பஸ் மாறி, எங்கள் தல்லாகுளம் மாடிப்படியை ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஏழு மாதம்.

எட்டு வயதில் என்னிடம் வந்தவள். அதுவரை அவளுக்கு எந்த மொழியும் கிடையாது. முதலில் பிடித்துக்கொண்ட சொல் ‘ஏன்’. அந்த மாதம் முழுக்க மரத்தைக் காட்டி ஏன், நாயைக் காட்டி ஏன், என் மூக்குத்தியைக் காட்டி ஏன். இன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டிக்கொண்ட முத்துக்குமரனுக்கும் காது கேட்காது.

பிரசவ அறையில் தன்னோடு நான் இருக்க வேண்டும் என்று கேட்டாள். பெண் துணை ஒருவரை உள்ளே விடுவார்களாம். டாக்டரும் நர்ஸும் முகத்தை மூடியிருப்பார்கள், உதட்டைப் பார்த்துக்கூட ஒன்றும் பிடிக்க முடியாது. “என்ன செய்யச் சொல்றாகன்னே தெரியாம எப்படிப் பெத்துக்கிறது?”

சுந்தரம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வந்தாப் போதும் டீச்சர். நா காட்டுறது அவளுக்குப் பாதிதேன் வெளங்கும். பெத்தவ நானு, எம் மகட்ட பேச இன்னொராளத் தேடி வாரேன் பாருங்க.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே தோள் இழுத்தது. இங்கே இதற்கு வேறு ஆளும் இல்லை. இருந்த ஒருவரும் சென்னைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வலப்பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. சட்டை மாட்டுவதற்குள் கண்ணில் நீர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சண்டை.

என் வீட்டுக்காரர் அருள்பாண்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிம்மக்கல்லில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். அவர் கையால் சொல்வதை இங்கே மதுரைப் பேச்சாகவே எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருடம், என் தலைக்குள் அவர் குரல் அப்படித்தான் கேட்கிறது.

சாப்பிட்டுக் கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார். “எம்மேல என்ன கோவம்?”

ஒன்றுமில்லை என்றேன்.

“ஒரு மாசமா எங்கிட்ட நீ முழு வாக்கியம் பேசல. சரி, இல்ல, அப்பறம். இம்புட்டுத்தான். ஆபீசுல காது கேக்குறவங்க எங்கிட்டப் பேசுற மாதிரி பேசுற.”

அதுதான் தைத்தது. கேட்கும் உலகம் முழுக்க அவரிடம் ஒற்றைச் சொல்லில்தான் பேசுகிறது. நானும் அந்தப் பக்கம் போய்விட்டேனா? கையைத் தூக்கிச் சொல்லப் போனேன். கை வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து என் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினார். ஒரு கை தாங்கலில் இருப்பதால் அவராலும் ஒரு கையால்தான் பேச முடிந்தது.

“எப்பருந்து?”

ஏன் மறைச்சேன்? பயந்துட்டேன், வேற என்ன. எங்க பழைய ஹெச்.எம்.முக்குத் தோள் இறுகிப்போய் இரண்டு வருஷம் தலை வாரக்கூட முடியல. அதே மாதிரி எனக்கும் ஆச்சுன்னா? மத்தவங்களுக்குக் கை போனா வேலை போகும். எனக்கு வாயே போயிரும். வீட்டுல யார்கிட்ட பேசுவேன்? சுபலட்சுமிக்கு என்ன பதில் சொல்வேன்?

பிப்ரவரி 12, புதன்

போனில் ஒரு வீடியோ. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கையைச் சுழற்றினால் பிடிப்பு விடுமாம். வீம்புக்குச் சுழற்றினேன். சாயங்காலத்துக்குள் தோள்முனை வீங்கினது போல் கனத்து, சீப்புப் பிடிக்கவும் முடியவில்லை. அவர்தான் தலை வாரிவிட்டார். வகிடு கோணல்.

பிப்ரவரி 15, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். மெதுவாகத்தான் எழுத வருகிறது.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. முதலில் என்னையே கையைத் தூக்கச் சொன்னார். பாதியில் நின்றது. பிறகு, “நீங்க ஒண்ணும் செய்யாதீங்க, கையை எங்கிட்டக் குடுத்துருங்க,” என்று அவரே பிடித்து மெல்லத் தூக்கினார். காது வரைக்கும் போனது. வலித்தது. ஆனால் போனது.

“போகுதுல்ல? இறுகிப்போன தோள்னா நான் தூக்குனாலும் போகாது. சூடு இல்ல, செவப்பு இல்ல, காய்ச்சல் இல்ல. எதுக்கும் ஸ்கேன்ல பாத்துருவோம். சுகரும் பாத்துக்கங்க.”

ஸ்கேன் அறையில் தோளில் குளிர்ந்த பசையைத் தடவி, சின்னக் கருவியை வைத்துத் தேய்த்தார்கள். திரையில் சாம்பல் நிறக் கோடுகள், கோடைகால வைகை மாதிரி. “கையை முடிஞ்ச அளவு தூக்கி எறக்குங்க,” என்றார்கள். வெறுமனே தூக்கி இறக்க எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தூக்கிய கை தானாக விரல்களை அசைத்துக்கொண்டு இறங்கியது. ‘மழை’ என்ற சொல் அது. திரையில் ஒரு வெளுத்த பட்டை வழுக்கிக்கொண்டு எலும்பின் கூரைக்கு அடியில் நுழைந்தது, திரும்பி வந்தது. நான் மறுபடி ‘மழை’ என்றேன். மறுபடி நுழைந்தது.

இருபது வருடமாய்ப் பேசுகிறேன். ஒரு சொல்லின் உள்பக்கத்தை இன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் வந்து திரையில் விரல் வைத்தார். “இந்த வெள்ளைப் பட்டைதான் உங்க தசைநார். கிழியல. அதுக்கு மேல கறுப்பா ஒரு பட்டை தெரியுதா? அதுதான் பர்சா. எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவுல ஒரு சின்னப் பை. ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்க, உள்ள கொஞ்சூண்டு வழுவழுப்புத் தண்ணி. நல்லா இருக்குறப்ப ஸ்கேன்ல ஒரு நூல் மாதிரிதான் தெரியும். உங்களுக்கு அது புண்பட்டு வீங்கியிருக்கு. வீங்குனதால கூரைக்கடியில மாட்டுது. மாட்டுறதால இன்னும் வீங்குது. பர்சைட்டிஸ்னு சொல்லுவோம்.”

தேய்மானமா என்று கேட்டேன். இல்லை. ஆபரேஷனா? சிரித்தார். “மொதல்ல அதுக்கு ஓய்வு குடுங்க. கையைக் கட்டிப் போட்டுறக் கூடாது, அப்பறம் நிஜமாவே இறுகிரும். தோளுக்கு மேல தூக்குற வேலைய மட்டும் நிறுத்துங்க. துண்டுல சுத்தி ஐஸ் வைங்க. மாத்திரை கொஞ்ச நாளைக்கு, சாப்பிட்டுட்டுத்தான். அப்பறம் பிசியோ. அதுலயும் சரியாகலேன்னா ஊசி இருக்கு. பெரும்பாலும் தேவைப்படாது.”

இந்த மாதிரிப் பைகள் உடம்பில் நூற்றுக்கும் மேலே இருக்கின்றனவாம். முழங்காலில், இடுப்பில், குதிகாலில், எங்கெல்லாம் ஒன்று இன்னொன்றின் மேல் நழுவ வேண்டுமோ அங்கெல்லாம். நாற்பத்து நான்கு வருடமாய் என்னோடு இருந்திருக்கின்றன. ஒன்று நோகாமல் இருந்திருந்தால் இப்படியொன்று இருப்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்திருப்பேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் என் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு ஓசையில்லாமல் மடங்குகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவருக்குச் சொல்ல வேண்டுமே. இடது கையால், தப்பும் தவறுமாய், பை, தண்ணீர், எலும்பு என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ரோலரு.”

அச்சு மெஷினில் உருளையும் உருளையும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டுமாம். நடுவில் மை ஒரு தோல் மாதிரி நிற்கும். அழுத்தம் ஒரு இம்மி கூடினால் சூடேறி, ரப்பர் தடித்து, இன்னும் உரசும். “சத்தம் மாறும்னு மத்தவங்க சொல்லுவாங்க. நா மெஷின் மேல கை வச்சாலே தெரியும். ஒடனே நிறுத்திருவேன். அடிச்சு ஓட்டுனா ரோலரு போயிரும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ அடிச்சு ஓட்டிருக்க,” என்றார்.

பிறகு தன் முழங்கையை மடக்கி, என் விரலை எடுத்து நுனியில் வைத்துக்கொண்டார். இங்கயும் ஒண்ணு இருக்கா? இருக்கு என்றேன். மண்டியைக் காட்டினார். இருக்கு. குதிகால். இருக்கு. பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

பிசியோ அறையில் முனீஸ்வரி. முப்பது வயதுகூட இருக்காது. மேலூர்ப் பக்கம். பேச்சில் தயவு தாட்சண்யம் இல்லை.

குனிந்து, இடது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, வலது கையைத் தொங்கவிடச் சொன்னாள். “நீங்க ஆட்டாதீங்க டீச்சர். ஒடம்ப லேசா அசைங்க, கை அதுவா ஆடட்டும்.” என் கை எதையாவது செய்தே தீர்வேன் என்று நின்றது. “இன்னும் புடிச்சுக்கிட்டே இருக்கீங்க. விடுங்க.” கடைசியில் விட்டேன். கிணற்றுக் கயிறு போல் அது பாட்டுக்கு ஆடியது. உள்ளே ஏதோ இளகியது. கண் கலங்கிவிட்டது, வலியில் அல்ல.

இன்னொன்றும் சொன்னாள். “கையத் தூக்குறதுக்கு முன்னால தோள்பட்டைய ரெண்டையும் பின்னாடி சேத்துக்கங்க. கூனிக்கிட்டே தூக்குனா உள்ள எடம் இல்ல. நிமுந்தா எடம் கெடைக்கும். அம்புட்டுத்தேன். வலி வந்தா நிறுத்திக்கங்க, அதோட மல்லுக்கு நிக்காதீங்க.”

நிமிர்ந்து தூக்கினேன். நேற்று நின்ற இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே போய் நின்றது.

மார்ச் 3, திங்கள்

வகுப்பில் இனி இடது கைதான் முதன்மை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல் மாறிவிடும். எனக்கு நாக்கு குழறுவது போல் இருக்கிறது. ‘கழித்தல்’ என்று சொல்லப்போய் வேறெதையோ சொல்ல, வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ஆனால் புரிந்துகொண்டார்கள். இடைவேளையில் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் இடது கையால் பேசிப் பழகுகிறார்கள். ஏன் என்றேன்.

“நீங்க மட்டும் தனியாக் குழறக் கூடாதுல்ல டீச்சர்.”

மார்ச் 11, செவ்வாய்

மறுபடி.

ஒரு வாரமாய் வலி குறைந்திருந்தது. அந்தத் துணிச்சலில் நேற்று பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடையில் துணி கட்ட ஸ்டூலில் ஏறி நின்றேன். இன்று பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது, கத்தி. சுபாவின் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். முனீஸ்வரி ஒன்றும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. “மொதல்லருந்து ஆரம்பிப்போம்,” என்றாள்.

என்ன பொம்பள நான். எத்தனை தடவை சொல்லணும் எனக்கு?

மார்ச் 15, சனி

மறைப்பதில்லை என்று முடிவெடுத்து செக்கானூரணி போனேன். சுபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வலது கை அன்றைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது, இடது கை குழறும், சென்னையிலிருந்தாவது வேறு ஆளை ஏற்பாடு செய்வோமா என்று கேட்டேன்.

அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில், வயிற்றின் ஓரமாய், தூங்கும் பூனையை வைப்பது போல் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“கை கொஞ்சம் பேசுனாப் போதும் டீச்சர். மிச்சத்தை நா உங்க மூஞ்சில படிச்சுக்குவேன். சின்னப்புள்ளைல கைய விட உங்க மூஞ்சத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

உள்ளிருந்து ஒரு உதை என் கையில் பட்டது. நான் துள்ளிவிட்டேன். பின்னால் சுந்தரம்மாள், “ஒங்களுக்கும் சேத்து ஒதைக்கிதா?” என்றார்.

வரும்போது பஸ் ஜன்னலில் வயலும் செங்கல் சூளையும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீர்ப் பையையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் வயிற்றில் ஒன்று, என் தோளில் ஒன்று. இந்த உடம்பு எதையெல்லாம் நீருக்குள் வைத்துக் காக்கிறது.

மார்ச் 29, சனி

சுவரில் விரல்களை நடக்கவிடும் பயிற்சி. சிலந்தி மாதிரி ஏறவேண்டும். இன்று விரல்கள் காலண்டரைத் தாண்டிவிட்டன. யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

இந்த வாரம் ஐஸ் தேவைப்படவில்லை. மாத்திரை நிறுத்தி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நேற்று விடிந்ததும் முத்துக்குமரனிடமிருந்து வீடியோ கால். அவன் கைகள் ஓடிய வேகத்தில் பாதிச் சொல் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது சுபா உள்ளே இருந்தாள். எனக்குப் பச்சை அங்கி மாட்டி உள்ளே விட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்றால் அவளால் என்னைப் பார்க்க முடியாது. கால்மாட்டில் டாக்டர். கடைசியில் அவள் இடுப்புக்கு நேராக, நர்ஸுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

முதலில் நன்றாகத்தான் போனது. மூச்சை இழு. பொறு. இன்னும் முக்க வேண்டாம். தோள்பட்டையைப் பின்னுக்குச் சேர்த்துக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு வைத்துப் பேசினேன்.

வலி கூடியதும் ஒன்றைக் கவனித்தேன். இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மற்ற பெண்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கத்துவார்கள். சுபா கம்பியைப் பிடித்தால் பேச்சு போய்விடுகிறது. பேச வேண்டுமென்றால் பிடியை விட வேண்டும். ஒவ்வொரு வலிக்கும் அவள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கம்பியை விட்டு, “செத்துருவேனா?” என்று கேட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

இல்லை என்றேன். முகம் முழுவதையும் கொண்டு சொன்னேன்.

அடுத்த வலியில் அவள் கை கம்பியைத் தேடாமல் என்னைத் தேடியது. என் வலது கையைப் பிடித்தாள். அப்படியொரு பிடியை நான் கண்டதில்லை. தோள் வரைக்கும் இழுத்தது. விடுவித்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. “இப்ப முக்கச் சொல்லுங்க, நல்லா முக்கச் சொல்லுங்க,” என்று டாக்டர். இடது கையால் சொன்னேன். அது குழறியதா என்று தெரியாது. அவள் கண் என் முகத்தை விட்டு அகலவே இல்லை. நர்ஸ் முகமூடிக்குள் என்ன கத்தினாலும் அது என் புருவம் வழியாகத்தான் அவளுக்குப் போனது. நான் மூச்சை அடக்கினால் அவளும் அடக்கினாள். யார் பெறுகிறோம் என்று ஒரு கட்டத்தில் எனக்கே குழப்பம்.

பதினொரு மணிவாக்கில் தலை தெரிந்தது. பிறகு தோள். சின்னஞ்சிறு தோள், ஈரமாய், ஒரு பக்கமாய்த் திரும்பி, அவ்வளவு நெருக்கடியில் எப்படி மடங்க வேண்டுமோ அப்படி மடங்கி நழுவி வந்தது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெண் குழந்தை.

அழுதது. அறையில் எல்லோர் முகமும் இளகியது. சுபா மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். என் கையை விட்டுவிட்டுக் கேட்டாள்: “அழுதுச்சா?”

அழுதது என்றேன்.

“எப்படி?”

எப்படி என்று சொல்வது? அந்தச் சத்தத்துக்கு எது சைகை? இரண்டு கைகளையும் அவள் முன்னால் சேர்த்து, அங்கிருந்து விரித்து, தலைக்கு மேலே, எட்டிய மட்டும், அறையின் நான்கு சுவர் வரைக்கும் கொண்டுபோனேன். அவள் என் கைகள் போன தூரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு பெரிசா என்பது போல் அவள் வாய் திறந்தது. பிறகு சிரித்தாள்.

நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்களும் ஒக்காருங்கக்கா,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

தோள் கனக்கிறது. ஐஸ். முனீஸ்வரியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். “புள்ள எம்புட்டு எடை?” என்றாள். பிறகு, “ரெண்டு நாள் சும்மா தொங்கவிட்டு ஆட்டுங்க, சரியாப் போகும்.” மூன்று கிலோ என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவரும் நானும் செக்கானூரணி போய் வந்தோம். பிள்ளைக்கு இரண்டு மாதம். காது கேட்கிறது என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்களாம். சுபா அதைச் சாதாரணமாகச் சொன்னாள். “கேட்டாலும் நல்லது. கேக்காட்டியும் கை இருக்கு.”

முத்துக்குமரன் பாயில் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை பிள்ளையின் நெஞ்சில். பிள்ளை லேசாகச் சிணுங்கியது. சுந்தரம்மாள் அடுப்படியிலிருந்து எழுவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து பிள்ளையைத் தூக்கிவிட்டான். அந்த அழுகையை உள்ளங்கையால் கேட்டிருக்கிறான். “இப்பெல்லாம் நாந்தேன் கடைசியா எந்திரிக்கிறேன்,” என்றார் சுந்தரம்மாள். அவரும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சைகை கற்றுக்கொள்கிறார். பேத்திக்கு முன்னால் தான் பின்தங்கிவிடக் கூடாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம், உட்கார இடமில்லை. அவர் சிம்மக்கல் அச்சகத்துக்கு வந்திருக்கும் புது மெஷினைப் பற்றி ஒரு கையால் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு கையால் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். முழு வாக்கியங்கள். நாகமலையைத் தாண்டி டிரைவர் பிரேக் போட்டபோது எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் சாயவில்லை. ஏன் என்று நிமிர்ந்து பார்த்தேன். மேல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என் வலது கை.

எப்போது தூக்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.